மோசல் கரையில் மோசம்போனேன்

இந்த வருஷ விடுமுறைக்கு எடெல்கார்ட் எங்களோடு வரக் கூடாது. ஜனவரி இரண்டாம் தேதி காலை, ஷேவ் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து இந்த முடிவை எடுத்தேன். கண்ணாடியில் இருந்தவன் உடனே ஒப்புக்கொண்டான். எங்கள் வீட்டில் எனக்கு மறுபேச்சு பேசாத ஒரே ஆள் அவன்தான்.

எடெல்கார்ட் என் மனைவி ரோஸ்விட்டாவின் அக்கா. அவள் கணவர் இறந்த வருஷம், "பாவம், தனியா இருக்கா. இந்த ஒரு தடவை நம்மகூட வரட்டுமே" என்றாள் ரோஸ்விட்டா. அந்த ஒரு தடவை பத்தொன்பது வருஷமாக முடியவில்லை. வட கடலுக்கும் வந்தாள். பால்டிக் கடலுக்கும் வந்தாள். ஆல்ப்ஸ் மலையில் எனக்கு முன்னால் ஏறினாள்.

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள் அவள். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு பெற்றாள், பாடம் நடத்துவதிலிருந்து இல்லை. கடற்கரை நாற்காலியில் நான் கண்ணை மூடினால் போதும். "வோல்க்மார், இந்த மணலுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?" என்பாள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. இரண்டையும் அவள் பேச்சை நிறுத்த ஒரு காரணமாக எடுத்துக்கொண்டதே கிடையாது.

நேராக வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்பவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். நான் பாடெர்போர்ன் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் கட்டட அனுமதி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவன். யாரையும் நேராக மறுப்பது எங்கள் வழக்கமில்லை. விதி மறுக்கும். நாங்கள் கூட நின்று வருத்தப்படுவோம்.

ஆகவே ஒரு விதியைத் தேடினேன். மூன்றே நாளில் கிடைத்தது.

ரோஸ்விட்டா கிறிஸ்துமஸ் மரத்துக் கண்ணாடி உருண்டைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வருஷம் ஒரு கேரவனை வாடகைக்கு எடுப்போமா? அதுலயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கு. நினைச்ச இடத்துல நிறுத்தலாம்."

"எடுப்போமே. அக்காவுக்கும் பிடிக்கும்."

"அங்கதான் ஒரு சிக்கல்." முகத்தை எவ்வளவு தொங்கப்போட முடியுமோ அவ்வளவு தொங்கப்போட்டேன். "பெரிய வண்டியெல்லாம் போயிடுச்சாம். ரெண்டு பேர் வண்டி ஒண்ணுதான் மிச்சம். ரெண்டு சீட்டு, ரெண்டு படுக்கை. மூணாவது ஆளை ஏத்தினா சட்டப்படி குத்தம்."

"நாம போறது செப்டம்பர்ல. அந்த வண்டி ஜனவரியிலேயே போயிடுச்சா?"

"இப்பல்லாம் அப்படித்தான்."

அவள் ஒரு சிவப்பு உருண்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "சரி" என்றாள். "சட்டம்னா சட்டம்தானே. மோசல் பக்கம் போலாம். டிரியர்ல ஆரம்பிச்சு நதியோடயே கோப்லென்ஸ் வரைக்கும். எங்கெங்க நிக்கணும்னு நான் பாத்துக்கறேன். வாடகைக் காகிதமும் நானே பாத்துக்கறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனைவி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால், புருஷன் தலைக்குள் ஒரு மணி அடிக்க வேண்டும். எனக்கு அடிக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே பாண்டு வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் டிரியரில் இறங்கினோம். இறங்கினோம் என்று சொல்வது சுலபம். ஏழு மீட்டர் நீள வண்டியை ஆற்றங்கரை நிறுத்துமிடத்தில் பின்பக்கமாக விட வேண்டும். மற்ற கேரவன்காரர்கள் எல்லாம் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தர் உள்ளே போய் மனைவியையும் கூட்டிவந்தார். ரோஸ்விட்டா பின்னால் நின்று கை காட்டினாள்.

"இடது பக்கம் திருப்பு."

"யாரோட இடது?"

"இடது என்ன ஆளுக்கு ஒண்ணா? இடதுன்னா இடது."

"நீ என்னைப் பார்த்து நிக்கறே. உன் இடது எனக்கு வலது."

"அப்ப வலது பக்கம் திருப்பு."

திருப்பினேன். ஒரு குப்பைத்தொட்டி சாய்ந்தது.

"நான் சொன்னது என் வலது" என்றாள் ரோஸ்விட்டா.

ஆறாவது முயற்சியில் வண்டி நின்றது. கோணலாகத்தான் நின்றது. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து ஏற்றி இறக்கியும் மேஜையில் வைத்த முட்டை உருண்டுகொண்டே இருந்தது. பரவாயில்லை. நதி இருந்தது. அந்தி வெயில் இருந்தது. எடெல்கார்ட் இல்லை. அந்த முட்டையைக் கையில் பிடித்தபடியே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான முட்டையை நான் சாப்பிட்டதே இல்லை.

மறுநாள் பெர்ன்காஸ்டெல். ரோஸ்விட்டா தேர்ந்தெடுத்த இடம் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டை ஒட்டி இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடினேன்.

"வோல்க்மார், நீ உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?"

கெட்ட கனவு என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே பால்கனி. பால்கனியில் காபிக் கோப்பை. கோப்பைக்குப் பின்னால் எடெல்கார்ட்.

"ரோமாபுரிக்காரங்க திராட்சை மிதிச்ச தொட்டி இருந்திருக்கலாம்" என்றாள். "இந்தக் கரையில எங்க தோண்டினாலும் அவங்கதான்."

நான் வண்டிக்குள் ஓடினேன். ரோஸ்விட்டா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அக்கா மேல உட்கார்ந்திருக்கா."

"ஆமாம். அறை எடுத்திருக்கா. நல்ல அறையாம், நதி தெரியுதாம்."

"வர மாட்டான்னு சொன்னியே."

"நான் எங்க சொன்னேன்? நம்ம வண்டியில ஏற மாட்டான்னுதான் பேச்சு. ஏறலியே. நம்ம படுக்கையில படுக்க மாட்டா. படுக்கலியே. அவ கப்பல்ல வரா, ரயில்ல வரா, தன் காசுல அறை எடுக்கறா. இதுல எந்தச் சட்டம் தடுக்குதுன்னு நீயே சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்த சட்டங்களை எல்லாம் மனதில் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அன்றிலிருந்து எடெல்கார்ட் இல்லாத பயணத்தில் எடெல்கார்ட் எப்போதும் இருந்தாள். காலை ரொட்டியை அவள்தான் வாங்கி வருவாள். ரொட்டியோடு சரித்திரமும் வரும். மலை மேலிருக்கும் கோட்டைக்கு ஏறினோம். அங்கே போனால் பாதிச் சுவர்தான் இருந்தது. மீதிச் சுவரை அவள் வாயால் கட்டி முடித்தாள். டிராபென் டிரார்பாஹ் ஊரில் இன்னொரு கோட்டை. அதில் சுவர் இன்னும் குறைவு, ஆகையால் பேச்சு இன்னும் அதிகம். மோசல் நதிக்கு நேராகப் போகவே தெரியாது. நூறு அடி தள்ளியிருக்கும் ஊருக்கு ஏழு கிலோமீட்டர் வளைந்துதான் போகும். என் மனைவி குடும்பத்தின் பூர்வீகம் இந்த ஆறுதான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

வண்டியில் என் பங்கு வேலை ஒன்று உண்டு. கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி. நிரம்பியதும் இழுத்து, உருட்டிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். நான் அதை உருட்டிப் போகும்போது எடெல்கார்ட் பால்கனியிலிருந்து, ரோமாபுரிக்காரர்கள் இதற்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று விவரமாகச் சொல்வாள். ஊரே கேட்கும்.

ஸெல் என்ற ஊரில் என் பொறுமை முடிந்தது. பயணத்தையே நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன். ஓட்டுகிறவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் வண்டி எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும். ரோஸ்விட்டா இவ்வளவு பெரிய வண்டியைத் தொடவே மாட்டாள். வண்டியை வாடகைக்கு விட்டவர் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார். நானும் மனைவியும் ரயிலேறி, வீட்டுத் தோட்டத்தில் கால் நீட்டலாம்.

காலையில் அந்தப் பெட்டியை இழுக்கக் குனிந்தேன். "ஆ" என்றேன். நிமிரவில்லை.

எங்கள் பக்கத்தில் முதுகு இப்படித் திடீரென்று பிடித்துக்கொள்வதற்கு, சூனியக்காரி சுட்டுவிட்டாள் என்று பேர். என்னைச் சுட்டதாகச் சொல்லப்பட வேண்டிய சூனியக்காரி எதிர்வீட்டு ஜன்னலில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள்.

"எங்க வலிக்குது?" என்றாள் ரோஸ்விட்டா.

"கீழ் முதுகு. கால் வரைக்கும் இழுக்குது. என்னால வண்டி ஓட்ட முடியாது. அடடா, பயணமே கெட்டுப்போச்சே." கடைசி வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தேன். நன்றாக வந்தது.

"கெட்டுப்போகாது" என்றாள் எடெல்கார்ட். "நான் ஓட்டறேன்."

எடெல்கார்ட் அவள் ஊரில் வயசானவர்களுக்காக ஓடும் சின்ன பஸ்ஸை வாரத்துக்கு இரண்டு நாள் சம்பளமில்லாமல் ஓட்டுகிறாள். இதை நான் மறந்தே போனேன். பஸ்ஸை மட்டுமா, பத்தொன்பது வருஷமாக என்னையும்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"முடியாதே" என்றேன், குனிந்தபடியே. தரையைப் பார்த்துப் பேசுவதில் ஒரு வசதி, முகம் தெரியாது. "வாடகை ஒப்பந்தத்துல பேர் இருக்கறவங்கதான் ஓட்டலாம். இல்லேன்னா காப்பீடு கிடையாது. விதி."

ரோஸ்விட்டா வண்டிக்குள் போய்க் காகிதத்தைக் கொண்டுவந்தாள். நாலாம் பக்கத்தைத் திருப்பி என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். இரண்டாவது ஓட்டுநர் என்ற இடத்தில் எடெல்கார்டின் பேர், பிறந்த தேதி, உரிம எண். அதற்குக் கீழே என் கையெழுத்து. தெளிவான கையெழுத்து.

"உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு ஓட்டறதுன்னு யோசிச்சேன்" என்றாள். "நீ படிச்சுட்டுதானே போட்ட?"

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேஜை முன்னால் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். அது உங்கள் தப்பு என்று அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் அந்த நிமிஷம் என்னைச் சுற்றி நின்று பார்ப்பது போல இருந்தது.

"ரெண்டு சீட்டுதான் இருக்கு" என்றேன். கையில் வேறு ஆயுதம் இல்லை.

"தெரியுமே. மூணாவது ஆளை ஏத்தினா குத்தம். அதனால நீ கப்பல்ல வா. அக்காவுக்கு எடுத்த டிக்கெட்டு இருக்கு. அக்காவுக்குப் போட்ட அறையெல்லாமும் இருக்கு. நல்ல மெத்தை. உன் முதுகுக்கு அதான் சரி. அக்கா என்கூட வண்டியில படுத்துப்பா."

"ரெண்டு பேர், ரெண்டு படுக்கை" என்றாள் எடெல்கார்ட். "கணக்கு சரியா இருக்கு."

வலி போய்விட்டது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு பெண்கள் உற்றுப் பார்க்கும்போது ஒரு மனிதன் எப்படி நிமிர்வான்? எடெல்கார்ட் கழிப்பறைப் பெட்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு வண்டியில் ஏறினாள். இரண்டு திராட்சை வரிசைக்கும் ஒரு கல் தூணுக்கும் நடுவிலிருந்து, ஏழு மீட்டர் வண்டியை ஒரே மூச்சில் வெளியே எடுத்தாள். ரோஸ்விட்டா இடது என்றும் சொல்லவில்லை, வலது என்றும் சொல்லவில்லை. மடக்கு நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள்.

நான் கூனிக்கொண்டே படகுத்துறைக்கு நடந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கப்பல் சொர்க்கமாக இருந்தது.

கப்பலில் சாய்வு நாற்காலி இருந்தது. அதை ஒருவரும் பின்பக்கமாக விடச் சொல்லவில்லை. குளிர்ந்த ரீஸ்லிங் ஒயின் வந்தது. சூடான வெங்காயக் கேக் வந்தது. இரண்டு பக்கமும் திராட்சை மலைகள் தாமாகவே நகர்ந்தன. உச்சியில் ஒரு கோட்டை தெரிந்தது. அது யாருடையது, யார் இடித்தார்கள், எதற்காக இடித்தார்கள், ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீரை வடித்துக் கப்பலைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் மதகுக்குள் கப்பல் மெதுவாக இறங்கும்போது நான் தூங்கிப்போனேன். எழுந்தபோது அடுத்த ஊர்.

ஒரு தடவை கப்பலும் எங்கள் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் போயின. கரைச் சாலையில் எடெல்கார்ட் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். ரோஸ்விட்டா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு ஏதோ பாடினாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஓட்டும்போது அவள் அப்படிச் சிரித்து ஒரு நாளும் பார்த்ததில்லை. என் பக்கத்தில் அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடிதான் வருவாள். கொஞ்ச நேரம் எனக்கு என்னவோ போல இருந்தது. பிறகு இன்னொரு கிளாஸ் வந்தது.

கோஹெமில் இரண்டு சகோதரர்கள் ஏறினார்கள். விட்லிஹ் ஊரில் ரொட்டிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர்கள். அண்ணன் அர்னுல்ஃப், தம்பி லோடார். மேஜையில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஸ்காட் ஆடத் தெரியுமா?" என்றார் அர்னுல்ஃப். "மூணு பேர் இல்லாம ஆட முடியாது. எங்க மச்சான் வரேன்னு சொல்லிட்டு வரல."

"சுமாராத் தெரியும்" என்றேன்.

முப்பத்தெட்டு வருஷ அலுவலக மத்தியான இடைவேளைகளில் நான் வேறெதையும் செய்ததில்லை. ஒன்பது ஆட்டத்தில் ஏழு என்னுடையது. லோடார் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னை மரியாதையாகப் பார்த்தார். அப்படி என்னை ஒருவர் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

"அடுத்த வாரம் நாங்க ரைன் நதிக் கப்பல்ல போறோம்" என்றார் அர்னுல்ஃப். "கோப்லென்ஸ்லேர்ந்து பிங்கென் வரைக்கும், ஊர் ஊரா. நீங்களும் வாங்களேன். திங்கக்கிழமை பத்து மணிக்குக் கிளம்புது."

வருகிறேன் என்றேன். எப்படி என்று தெரியாது. ஆனால் வருகிறேன் என்றேன்.

நாலு நாள் இப்படிப் போயிற்று. சாயங்காலம் கரையில் இவர்களைச் சந்திக்கும்போது மட்டும் கூனிக்கொள்வேன். முனகுவேன். ரோஸ்விட்டா ஏதோ நாற்றமடிக்கும் தைலத்தை என் முதுகில் தேய்ப்பாள். தேய்க்கும்போது, "இங்கயா? நேத்து கொஞ்சம் மேல சொன்னியே" என்பாள். "நகருது" என்பேன். அவர்கள் நினைத்தது நடந்துவிட்டது என்ற திருப்தியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் தியாகம் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவர்கள் நினைக்க வேண்டும். அந்தக் கடனை அடுத்த பத்தொன்பது வருஷம் வசூல் செய்துகொள்ளலாம்.

கோப்லென்ஸில், மோசல் ரைனோடு சேரும் முனையில் கப்பல் நின்றது. இருவரும் கரையில் காத்திருந்தார்கள். நான் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். மேல்தளத்திலிருந்து அர்னுல்ஃப் கத்தினார். "திங்கக்கிழமை பத்து மணி, மறந்துடாதீங்க."

"யார் அவர்?" என்றாள் ரோஸ்விட்டா.

"தெரியல. யாரோ. எல்லார்கிட்டயும் சொல்றார்."

"முதுகு எப்படி இருக்கு?"

"கேக்காத. இந்தக் கப்பல் இருக்கே, நரகம். ஆட்டம் தாங்கல. நாலு நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க ரெண்டு பேர் சந்தோஷத்துக்காகத்தான்."

ரோஸ்விட்டா அக்காவைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல" என்றாள். எடெல்கார்ட் தலையாட்டினாள்.

"என்ன சொன்ன?"

"வண்டியை இன்னும் ஒரு வாரத்துக்கு நீட்டிட்டோம், வோல்க்மார். ரைன் ஓரமாவே பிங்கென் வரைக்கும். உன்னைத் திரும்பவும் கப்பல்ல வரச் சொல்லலாம், பாவம் அவனுக்குப் பிடிச்சிருக்கும்னு அக்காதான் சொன்னா. நான்தான் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்னேன். நல்லவேளை கேட்டோம்."

முனகலை நிறுத்தினேன். "இப்ப கொஞ்சம் பரவாயில்ல. ரைன்ல ஆட்டம் கம்மின்னு சொல்றாங்க. ஒரு வாரம்தானே, தாங்கிப்பேன்."

"வேணாம். எங்களுக்காக நீ பட்டது போதும்." அவள் கைப்பையிலிருந்து ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "நாலு மணி வண்டி. வீட்டுக்குப் போய்ப் படு."

"எலும்பு டாக்டர்கிட்டயும் தேதி வாங்கிட்டேன்" என்றாள் எடெல்கார்ட். "என்கிட்ட படிச்ச பையன்தான். அஞ்சு மாசத்துக்கு இடமில்லேன்னான். என் பேரைச் சொன்னேன், உடனே இடம் வந்துடுச்சு. திங்கக்கிழமை பத்து மணி. நேரா முதுகெலும்பு ஓரமா ஊசி. மொத்தம் ஆறு."

நான் நிமிர்ந்தேன். என்னை அறியாமல், முழு உயரத்துக்கும் நிமிர்ந்துவிட்டேன்.

ரோஸ்விட்டா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பயப்படாத" என்றாள். "வலி இருக்கற முதுகுல போட்டா ஊசி தெரியவே தெரியாதாம். வலியே இல்லாத முதுகுலதான் உயிர் போகுமாம்."